சம்பந்திகளுக்கு ஒரே வயிறு

சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பது மஞ்சரிக்குத் தெரியவந்தது கன்னியாகுமரி ரயில் நிலையத்து மாடிப்படியில். யாரும் சொல்லித் தெரியவில்லை. மஞ்சரியின் முழங்காலே வலித்தது. தென்காசியில் தினமும் மூன்று மாடி ஏறித் துணி காயப்போடுகிறவள் அவள். மூட்டுவலியை அடுத்தவர் வாயால் கேட்டிருக்கிறாளே ஒழிய அனுபவித்ததில்லை. இரண்டாவது படியிலேயே "யம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த கோகிலவாணி முகத்தில் ஒரு சுளிப்பும் காட்டாமல், "என்னங்க சம்மந்தி, கால் வலிக்குதுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தாள். வலிக்குச் சொந்தக்காரியே வந்து விசாரித்த கதை இது.

கோகிலவாணி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. மஞ்சரியின் மகள் மகிழினியைத் தன் மகன் அகரனுக்குக் கட்டிக்கொண்டவள். ஆகவே மாப்பிள்ளையின் அம்மா. ஆகவே எப்போதும் ஒரு படி மேல். ஓட்டுநர் இல்லாத கார் வந்து, தானே சமைக்கிற அடுப்பு வந்து, உலகத்தில் என்னென்னவோ மாறிய பிறகும் அந்த ஒரு படி மட்டும் இறங்கவே இல்லை.

இரண்டு பேரும் ஓட வந்திருந்தது 'இணைந்தே ஓடு' என்ற தொலைக்காட்சிப் பந்தயத்தில். கன்னியாகுமரியில் தொடங்கி இமயமலைக்கு அந்தப் பக்கம் லே நகரம் வரைக்கும் போக வேண்டும். கையில் பணமும் கிடையாது, போனும் கிடையாது. முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் ஏற ஒரு பாஸ் மட்டும் உண்டு. மற்றபடி கேட்டு வாங்கித்தான் சாப்பிட வேண்டும், கேட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் ஒரு கல்யாணத்தால் உறவானவர்களாக இருக்க வேண்டும்: மாமியார் மருமகள், மாமனார் மருமகன், சம்பந்திகள், இப்படி. தலைக்கு மேலே தட்டான் அளவுக்கு ஒரு கேமரா பறந்துகொண்டே வரும். அதற்குக் காதும் உண்டு.

ஆனால் நிகழ்ச்சியின் உயிர் அந்தக் கேமராவில் இல்லை. கையில் கட்டும் பட்டையில் இருந்தது. கட்டிவிட வந்த பெண்ணிடம் மஞ்சரி கவலையோடு கேட்டாள்.

"நாம என்ன நெனைக்கோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருமா?"

"எண்ணமெல்லாம் போகாதும்மா. உடம்பு மட்டும்தான். பசி, வலி, மூச்சு வாங்குறது, வயித்தைப் பிசையறது. உங்களுக்கு நடக்கறது அவங்களுக்கும் நடக்கும். அவங்களுக்கு நடக்கறது உங்களுக்கும் நடக்கும். வீட்டுல பாக்கறவங்களும் இதையே கட்டிக்கிட்டு உங்க ரெண்டு பேரையும் அனுபவிப்பாங்க. வெறும் கண்ணால பாக்கற நிகழ்ச்சியை இப்ப யாரும்மா பாக்கறாங்க?"

"எது என்னது, எது அவங்களதுன்னு எப்படித் தெரியும்?"

"உங்க ரெண்டு பேருக்கும் கலந்துதான் வரும். பழகப் பழகப் பிரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டாள்.

எண்ணம் போகாது என்று கேட்டதும்தான் மஞ்சரிக்கு உயிர் வந்தது. அவள் மடியில் ஒரு ரகசியம் கனத்துக்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மகிழினி வந்து, ரசத்துக்குத் தக்காளி பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம், தானும் அகரனும் பிரிந்துவிடுவதாக முடிவு செய்து மனுவும் கொடுத்தாயிற்று என்று சொன்னாள். சண்டை ஒன்றும் இல்லையாம். அடி, குடி, இன்னொருத்தி, எதுவும் இல்லையாம். "சேர்ந்து இருக்கும்போது ரெண்டு பேருமே நல்லா இல்லம்மா, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம்! மஞ்சரிக்கு இது புரியவே இல்லை. அடித்தான் என்றால் போய் நாலு வார்த்தை கேட்கலாம். நல்லாயில்லை என்றால் யாரை என்ன கேட்பது? பந்தயம் முடிகிற வரைக்கும் அத்தைக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் உறவே இல்லையென்று ஆகிப் போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றும் மகள் கேட்டுக்கொண்டாள்.

மஞ்சரி அழவில்லை. திட்டம் போட்டாள். ஜெயிக்கிற ஜோடிக்குப் பரிசு குன்னூரில் ஒரு வீடு. சமவெளியில் சித்திரை வெயில் ஆவணி வரைக்கும் அடிக்கிற காலத்தில் மலையில் வீடு என்பது லேசுப்பட்ட காரியமா? அதுவும் அந்த வீடு ஓடுகிறவர்களுக்கு இல்லை. எந்தக் கல்யாணத்தால் அவர்கள் உறவானார்களோ அந்தத் தம்பதிக்கு, சேர்ந்து வாழ்கிற வரைக்கும். சென்னையில் ஒற்றை அறையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு புழுங்குவதால் வந்த வினை இது, குளிர்ந்த காற்று பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவள் கட்சி. எப்படியாவது ஜெயிக்க வேண்டும். மகள் வாழ்க்கையை லேயிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

ஆனால் ஓட்டம் தொடங்கிய உடனேயே மரியாதை குறுக்கே வந்து விழுந்தது.

மதுரையில் ஒரு புண்ணியவான் இரண்டு பொட்டலம் தயிர்சாதம் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கைவைக்காமல் பெண் வீட்டார் கைவைக்கலாமா? மஞ்சரி காத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா முந்திக்கொண்டு தின்றாள் என்று நாடே பார்த்துச் சொல்லிவிட்டால்? கோகிலவாணியும் காத்திருந்தாள். நீங்க சாப்பிடுங்க என்று இவள் சொல்ல, எனக்குப் பசியே இல்லைங்க என்று அவள் சொல்ல, எனக்கும்தான் இல்லை என்று இவள் சொல்ல, அவரவர் வயிற்றில் இரண்டு பேருடைய பசியும் சேர்ந்து உருண்டது. சாதாரணமாகச் சம்பந்திகள் இப்படிப் பொய் சொன்னால் நம்புவதுபோல் நடித்துக் கடந்துவிடலாம். இங்கே எதிரே இருப்பவளின் வயிறு தன் வயிற்றிலேயே கத்துகிறது. இருந்தும் இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் தயிர்சாதம் புளித்தது, ஒரு ஆடு வந்து அதற்கு முடிவு கட்டியது.

நாக்பூரில் இன்னும் மோசம். ரயில் பெட்டியின் வாசலில் நின்றுகொண்டு "நீங்க ஏறுங்க சம்மந்தி" என்றாள் மஞ்சரி. "அட, நீங்க ஏறுங்க, நான் பின்னாலயே வாரனுங்க" என்றாள் கோகிலவாணி. மாப்பிள்ளை வீட்டாரைக் கீழே நிற்கவிட்டு ஏறுவதா என்று மஞ்சரி கையைப் பிடித்து இழுக்க, கோகிலவாணி தோளைப் பிடித்துத் தள்ள, ரயில் இருவருக்கும் பொதுவாகக் கிளம்பிப் போய்விட்டது. பஞ்சாபிலிருந்து வந்திருந்த மாமனார் மருமகன் ஜோடி அதே ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து இவர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனது. அந்த மருமகன் மாமனாரை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் ஏறினான் என்பதை மஞ்சரி கண்ணால் பார்த்திருந்தாள். அவளுக்கு ஏற்பட்ட பொறாமையைச் சொல்லி முடியாது.

அதற்குப் பிறகுதான் கோகிலவாணிக்குக் கொஞ்சம் வெட்கம் விட்டது. அடுத்த ஊரில் யாரோ கொடுத்த ரொட்டியை முதலில் எடுத்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். மஞ்சரிக்கும் வயிறு நிறைந்தது. அடடே, இது நல்ல வசதியாக இருக்கிறதே, சம்பந்தி சாப்பிட்டால் நமக்கு நிறைகிறது, நாம் எதற்குத் தனியாக வாயைத் திறக்க வேண்டும் என்று அவள் மறுநாள் மாலை வரைக்கும் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே விடவில்லை. நிறைவது பட்டைக்குத்தான், உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பது ஜான்சி நடைமேடையில் அவள் மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்தது. அவள் மயங்கியதால் கோகிலவாணியும் மயங்கினாள். நாடு முழுக்கப் பட்டை கட்டியிருந்த கோடிக்கணக்கான பேர் தலை சுற்றி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பல வீடுகளில் அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துப் போனதாகக் கேள்வி.

கண் திறந்தபோது கோகிலவாணி தன் மடியில் அவள் தலையை வைத்துப் பழரசம் புகட்டிக்கொண்டிருந்தாள். இதுவரை மஞ்சரி கேட்டிராத அதட்டலோடு பேசினாள்.

"இனிமே இந்த மருவாதி மயிரெல்லாம் வேண்டாமுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாயில வைக்கறோம். நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுவன். மூணுங்கறப்ப வாய் அசையணும்."

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. மூன்று என்றால் இரண்டு வாயும் அசையும். வண்டியில் ஏறுவதும் மூன்று என்றால்தான். ஊர்கள் ஓட ஆரம்பித்தன. கோகிலவாணிக்கு எந்தப் படியில் முழங்கால் பிடிக்கும் என்பது மஞ்சரிக்கு அத்துப்படி ஆகியது. அந்தப் படிக்கு முன்னாலேயே கையைக் கொடுத்துவிடுவாள். மஞ்சரிக்கு மாலையானால் முகமெல்லாம் தீயாக எரிகிற அந்த வயதுக் கோளாறு கோகிலவாணிக்கும் வந்தது. அவளுக்கு அது வந்து போய் வருஷங்கள் ஆகியிருந்தன. "இதை ரெண்டாந்தடவையும் என்ர தலையில எழுதிட்டானுங்களே" என்று முந்தானையால் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து விசிறுவாள்.

ஒரே ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. போகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர், அரைகுறைத் தமிழிலோ சைகையிலோ, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார். கேட்டதும் மஞ்சரியின் வயிறு கிணற்றில் விழுந்த வாளி மாதிரி சரேலென்று இறங்கும். மகள் நினைப்பில் இறங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை ஒட்டியே இன்னொரு இறக்கம் எங்கிருந்தோ வரும். அது சம்பந்தியின் வாயுக் கோளாறு என்று அவள் தீர்மானித்துவிட்டாள். "சம்மந்தி, இந்தச் சீரகத்த மெல்லுங்க" என்று நீட்டுவாள். கோகிலவாணியும் அதே நேரத்தில் தன் பையிலிருந்து சீரகம் எடுத்து இவள் கையில் வைப்பாள். ஒருவர் சீரகத்தை ஒருவர் மென்றுகொண்டு, பிள்ளைகள் ரொம்ப நன்றாக இருக்கிறார்கள் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு நடப்பார்கள்.

வடக்கே போகப் போக சனங்கள் காட்டிய பிரியத்துக்கு அளவே இல்லை. டெல்லியில் ஒருவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்பாலாவில் ஒரு கிழவி இருவர் கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்துவிட்டு, வானத்தைப் பார்த்து என்னவோ முறையிட்டாள். இரண்டு தமிழ்ப் பெண்பிள்ளைகள் தைரியமாகக் கிளம்பி வந்ததை மெச்சுகிறார்கள் என்று மஞ்சரி பூரித்துப் போனாள். தன் சுங்குடிச் சேலையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

மணாலி தாண்டி மண் சரிந்து பேருந்து நின்றுபோனது. பஞ்சாப் ஜோடியும் அங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றது. அப்போது நாமக்கல் எண் பலகையோடு ஒரு லாரி ஊர்ந்து வந்தது. ஓட்டி வந்தவள் கௌசிகா என்ற பெண். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து, "ஏறுங்கக்கா, சுத்து வழி ஒண்ணு தெரியும்" என்றாள். நாமக்கல் லாரி போகாத சாலை இந்த நாட்டில் கிடையாது என்று கோகிலவாணி பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஏறினாள்.

கௌசிகாவின் முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு பட்டைகள் கிடந்தன. டீ குடிக்க நிறுத்துகிறபோது மட்டும் கட்டிக்கொள்வாளாம். கொஞ்ச தூரம் வரைக்கும் ஊர்க் கதை பேசினாள். பிறகு இரண்டு வளைவு ஓட்டிவிட்டுக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ரெண்டு பேரும் இன்னும் எவ்வளவு தூரத்துக்கு இப்படியே நடிக்கப் போறீங்க?"

"என்ன நடிப்பு?" என்றாள் மஞ்சரி. வயிறு அதற்குள் இறங்கிவிட்டது.

"பாருங்க, இப்பக்கூடப் போச்சு. எனக்குப் பட்டை கட்டாமலே தெரியுது. புள்ளைங்க பிரியப்போற விஷயம் உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். உங்களுக்கு ரெண்டும் கலந்து வருது, பிரிச்சுப் பாக்க முடியல. எங்களுக்கு அப்படி இல்லீங்க. இடது கையில நீங்க, வலது கையில இவங்க. புள்ளைங்க எப்படின்னு யாராச்சும் கேட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாப் போய் விழுகுது. ஒரு பக்கம் விழுந்தா வாயுன்னு சொல்லலாம். ரெண்டு பக்கமும் விழுந்தா? மதுரை தாண்டறதுக்குள்ள நாட்டுக்கே தெரிஞ்சு போச்சுங்க. அப்பறம் யாரோ கோர்ட்டுல போய் மனுவையே பாத்துட்டு வந்துட்டாங்க. டிவிக்காரங்களுக்கும் தெரியும், பாக்கற கூட்டம் பெருகுதேன்னு உங்கள விட்டு வச்சிருக்காங்க."

கோகிலவாணிதான் முதலில் வாய் திறந்தாள்.

"உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"கெளம்புறதுக்கு ரெண்டு நா முன்ன. உங்களுக்கு?"

"அதுக்கு மொத நாளுங்க."

அதிலும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் முந்தி. மஞ்சரிக்கு ஏனோ சிரிப்பு வந்தது. "வீடு கெடச்சிட்டா ரெண்டும் சேந்துக்கிடும்னு நெனச்சேன் சம்மந்தி" என்றாள். "நானும் அதையேதானுங்க நெனச்சன்" என்றாள் கோகிலவாணி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. மஞ்சரிக்கும் வந்தது. யாருடைய அழுகை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருவரும் முயலவும் இல்லை. நாடு முழுக்க அழுதிருக்கும்.

ஊர்ப்பட்ட சனம் பிள்ளைகளைச் சேர்த்துவைக்கக் கிளம்பியிருக்கிறது என்றும் கௌசிகா சொன்னாள். கோயில் கோயிலாக அர்ச்சனை நடக்கிறதாம். மகிழினியின் அலுவலக வாசலில் முன்பின் தெரியாத பெண்கள் நின்று புத்தி சொல்கிறார்களாம். அகரன் மளிகைக் கடைக்குப் போனால் கடைக்காரர் சாமானைக் கொடுக்காமல் முதலில் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் ஆகச் சொல்கிறாராம். இதைக் கேட்டு மஞ்சரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஊரே கூடி இழுத்தால் தேர் நகராமலா போகும்? கோகிலவாணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

லேயில் மூச்சே திணறியது. இரண்டு பேர் மூச்சும் சேர்ந்து திணறினால் கேட்க வேண்டாம். கையைக் கோத்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தபோது பஞ்சாப் ஜோடி பின்னால் எங்கேயோ புள்ளியாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் கம்பளி போர்த்திய கூட்டம். எல்லார் கையிலும் பட்டை. முடிவுக் கோட்டின் முன்னால் மேடை, மேடையில் ரேயான். நிகழ்ச்சியை நடத்துகிற ரேயான், சிரிக்கும்போது பற்களை எண்ணிக் கொடுப்பவன் போலச் சிரிப்பான். நடத்துகிறவர்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் பட்டை கட்ட அனுமதி இல்லை.

அவனுக்குப் பக்கத்தில் மகிழினியும் அகரனும் நின்றார்கள். ஒரே நிறத்தில் இருவருக்கும் உடை உடுத்தி, கழுத்தில் மாலையும் போட்டிருந்தார்கள்.

கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் உறவு உறுதியாக வேண்டும் என்று ரேயான் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு அறிவித்தான். மனுவைத் திரும்பப் பெறுவதாகப் பிள்ளைகள் இங்கேயே, நாட்டின் கண்முன்னே, கையெழுத்துப் போட்டால் போதும். வெற்றி இவர்களுக்கு, குன்னூர் வீடு பிள்ளைகளுக்கு. கூட்டம் ஓவென்று கத்தியது. அகரன் தலையைக் குனிந்தபடி, நாங்கள் தயார் என்றான். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

மஞ்சரி மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்லம்மா. நீ இவ்வளவு தூரம் வந்துட்டியே."

அந்தச் சிரிப்பைக் கண்டதும் மஞ்சரிக்குப் பகீரென்றது. யாரோ வாங்கிக் கொடுத்த பிடிக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவளின் சிரிப்பு அது. சட்டையென்றால் கழற்றிப் போடலாம். அம்மாவுக்குக் கால் வலித்தது, அம்மா பட்டினி கிடந்தாள், அம்மா மயங்கி விழுந்தாள் என்பதற்காக இவள் ஆயுசு முழுக்கக் குன்னூரில் ஒருத்தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறாள். மகளைக் காப்பாற்றத்தான் நாட்டைக் குறுக்கே கடந்து வந்தோம் என்று நினைத்தோமே, இவளைக் கட்டி இழுத்துப் போகவா வந்தோம் என்று அவளுக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. லாரியில் சம்பந்தி பேசாமல் வந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் இந்தச் சனம் விடுமா? அழுவார்கள், கும்பிடுவார்கள், சேர்த்து வைக்காமல் ஓயமாட்டார்கள். இந்த இரண்டு குடும்பமும் ஒட்டவே ஒட்டாது என்று இவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். சம்பந்தியிடம் காதோடு சொல்லவும் வழியில்லை, தலைக்கு மேலே அந்தத் தட்டான். மஞ்சரி கோத்திருந்த கையை உதறினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

"கையெழுத்து இருக்கட்டும். அதுக்கு முந்தி ஒரு நாயம் கேக்கணும். மறுவீட்டுக்கு எங்க வீட்ல சொதி வச்சோம். எங்க ஊர்ல சொதின்னா செத்தவன் எந்திரிச்சு வந்து திம்பான். அதப் பாத்து உங்க தம்பி என்ன கேட்டாரு? இது காய்ச்சக்காரங்களுக்கு வச்சதான்னு கேட்டாருல்லா?"

கோகிலவாணியின் நெஞ்சு திடுக்கென்று ஒரு குதி குதித்தது. மஞ்சரிக்கு அது கேட்டது. பிறகு அந்த நெஞ்சு அமைதியாக நின்று தேடியது. இவ்வளவு கத்துகிறவள் வயிற்றில் கோபம் எங்கே என்று தேடியது. ஒரு பொட்டுக் கோபம்கூட அங்கே கிடையாது. ஒரு கணம் போயிற்று. அப்புறம் மஞ்சரியின் விலா எலும்புக்குக் கீழே, அவளுடையது அல்லாத ஒரு கிச்சுகிச்சு மெல்ல வந்து உட்கார்ந்தது. அதுதான் பதில்.

"கேட்டான். நல்லாத்தானுங்க கேட்டான்!" என்று கோகிலவாணி இடுப்பில் கைவைத்தாள். "தேங்காப் பால்ல காயை மெதக்க உட்டுப்போட்டு அதுக்குப் பேரு விருந்துங்களா? ஒரு கறிச்சோறு உண்டா, ஒரு குழம்பு உண்டா? எங்க ஒரம்பரை சனம் திரும்பி வர வழியில வண்டிய நிறுத்திப் பரோட்டா தின்னுச்சுங்க!"

"திங்கட்டும்! நாங்க எடுத்த பட்டுச் சேலைய உங்க வீட்டு மாட்டுக்குப் போத்துனியளாமே?"

"அந்தச் சேலையப் போத்துனா மாடு கோவிச்சுக்குமுங்க!"

அதற்கப்புறம் அணை உடைந்தது. தாம்பூலப் பையில் போட்ட தேங்காயின் அளவு வந்தது. மாப்பிள்ளை அழைப்புக் காரில் ஏசி ஓடாதது வந்தது. நாதஸ்வரக்காரர் தூங்கியது வந்தது. பந்தியில் இரண்டாவது முறை அப்பளம் வராதது வந்தது. பாதி நடந்தது, பாதி அந்த இடத்திலேயே முளைத்தது. கத்தக் கத்த மஞ்சரிக்கு உள்ளே சிரிப்பு முட்டியது. தன் சிரிப்பை அடக்கினால் சம்பந்தியின் சிரிப்பு முட்டுகிறது. அதை அடக்கினால் தன்னுடையது. என் மகள் இனி உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டாள் என்று இவள் கையைத் தட்டினாள். "ஏறுனா நானே எறக்கி உட்ருவனுங்க" என்று அவள் மண்ணை வாரித் தூற்றினாள். சண்டையிலும் அந்த 'ங்க' போகவில்லை.

ரேயான் வெலவெலத்துப் போனான். அம்மா அம்மா என்று இருவருக்கும் நடுவில் வந்தவன் வந்த வேகத்திலேயே பின்வாங்கினான். அவன் கண்ணுக்கு இரண்டு ராட்சசிகள் ஒருவரை ஒருவர் தின்னப் பார்க்கிறார்கள். கூட்டத்துக்கோ கண் ஒன்று சொல்லியது, வயிறு வேறொன்று சொல்லியது. இரண்டு கையிலும் கட்டிய பட்டை வழியாக இடதும் வலதுமாக ஏறிய சிரிப்பு அவர்களைக் குலுக்கி எடுத்தது. ஒரு பெரியவர் கம்பளியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றார். ஒரு பெண் குழந்தையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாடு முழுவதும் அப்படித்தான் நடந்ததாம். அத்தனை கோடி பேரில் ஒருவர்கூட இது நடிப்பு என்று தொலைக்காட்சிக்குச் சொல்லவில்லை. மதுரையிலிருந்து தெரிந்தும் தெரியாததுபோல் இருந்து பழகிய சனம் அல்லவா. சேர்ந்து வாழச் சொல்லித் தெருவில் நின்ற அதே சனத்துக்கு அப்போதுதான் என்னவோ உறைத்திருக்க வேண்டும். பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று கேட்க இந்த இரண்டு பெண்களுக்கும் வேறு வழி இல்லை என்பது அவர்கள் உடம்புக்கே புரிந்துவிட்டது.

மகிழினியும் சட்டைக் கைக்குள் இரண்டு பட்டை கட்டியிருந்தாள் என்பது மஞ்சரிக்குத் தெரியாது. அவள் முகத்தை மாலையில் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். தட்டான் அதை அருகே போய்க் காட்டி, கண்ணீர்விடும் மகள் என்று கீழே எழுத்தும் ஓடவிட்டது.

உறவு முறிந்தது, ஜோடி தகுதி இழந்தது என்று ரேயான் நடுங்கும் குரலில் அறிவித்தான். பஞ்சாப் மாமனாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டினார்கள். குன்னூர் வீடு லூதியானாவுக்குப் போயிற்று.

கூடாரத்துக்குப் பின்னால் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கழற்றியதும் மஞ்சரிக்கு உடம்பு பாதியாகிவிட்டது மாதிரி இருந்தது. மகிழினி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அகரனும் வந்து நின்று, கொஞ்சம் தயங்கி, அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு பிள்ளைகள் இருவரும் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காக மஞ்சரி பார்த்திராத மாதிரி, லேசாகப் பேசிக்கொண்டு நடந்து போனார்கள். அவர்கள் போவதைப் பார்க்க அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

கோகிலவாணி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனிமே சம்மந்தின்னு கூப்புட முடியாதுங்களே."

முடியாதுதான். உறவை வெட்டிவிட்ட வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொதுவான சட்டம். வெட்டிவிட்ட சம்பந்திகள் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்பதற்குத் தென்காசியிலும் சொல் இல்லை, கோபியிலும் இல்லை. கல்யாணம் நடந்த நாளிலிருந்து ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொன்னதும் இல்லை. சம்பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை ஆகுமா?

கோகிலவாணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். கோயிலுக்குள் செருப்போடு நுழைகிறவள் போல இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"மஞ்சரி" என்றாள். பின்னாலேயே வந்த 'ங்க'வைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். "பஸ் கெளம்புது. வெசையா வா."

மஞ்சரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தத் தண்ணீர் முழுக்க அவளுடையது.

"வாரேன், கோகிலா" என்றாள்.